குசினி மேடையின் உயரம்

றுமானா குள்ளம். மற்றவர்கள் சொல்ல இடம் வைக்காமல் அவளே அதை முதலில் சொல்லிவிடுவாள். கற்பிட்டியில் அவளுடைய உம்மா வீட்டுக் குசினியில் சீமெந்து மேடை உயரம். அதைக் கட்டுவித்த வாப்பா நெடிய மனிதர். தன் இடுப்புக்கு அளவு பார்த்துக் கட்டிவிட்டு, சமைக்கிற பாட்டைப் பெண்களிடம் விட்டுவிட்டு மௌத்தாகிப் போனார். அதனால் மேடைக்குக் கீழே எப்போதும் ஒரு பலகை கிடக்கும். றுமானா குசினிக்குள் வந்தால் முதல் வேலை, அந்தப் பலகையைக் காலால் இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறுவதுதான். கலியாணம் முடிந்து, பெண்பிள்ளை ஒன்றைப் பெற்று, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் பலகை அங்கேயேதான் கிடந்தது.

அந்தக் கரையின் முஸ்லிம் குடும்பங்களில் வீடு என்றால் அது பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பார். உம்மாவின் வீடு மகளுக்குப் போகும். இரண்டாவது மகள் இருந்தால் இரண்டாவது வீடு தேட வேண்டும். வாப்பாவால் முடியாவிட்டால் அந்தச் சுமை நானாவின், அதாவது மூத்த சகோதரனின், தலையில் விழும். தங்கச்சிக்கு வீடு வைத்துக் கொடுக்காத நானாவை ஊர் ஒரு மனிதனாகவே கணக்கெடுக்காது. றுமானாவுக்கோ நானா இல்லை. வீடு ஒன்று, பெண்கள் இரண்டு. ஆகவே அவளுடைய கலியாணப் பேச்சில் உம்மா உள்ளதை உள்ளபடியே சொல்லிவிடுவார்.

"மூத்தவள் இப்ப இங்க இரிக்கலாம். சின்னவள் ஷம்லாட கலியாணம் வந்தா வீட்ட அவளுக்கு விட்டுக் குடுக்கோணும்."

அதைக் கேட்டுவிட்டு, தேத்தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழும்பிப் போன மாப்பிள்ளை வீட்டார் பலர். ஹஸ்மி போகவில்லை. "வீட்ட நான் கட்டுவேன்" என்றான். அந்த ஒரு வசனத்துக்காக றுமானா அவன்மீது உயிரை வைத்தாள். கொடுத்துத்தான் பெண்ணைக் கட்டிவைக்கும் ஊரில், கேட்காமல் ஒருத்தியைக் கட்டிக்கொண்ட ஆண் என்று அவனைப் பற்றி அயலெல்லாம் பெருமையடித்தாள்.

ஹஸ்மி கட்டாருக்குப் போய் ஒரு கொம்பனியில் வாகனம் ஓட்டினான். சில வருடங்களில் களப்புப் பக்கமாக ஒரு காணி வாங்கினான். கண்டக்குழி நிக்கொலஸ் மேசன் பாஸ் வந்து அத்திவாரம் வெட்டினார். அன்றைக்கு வீடியோவில் ஹஸ்மி சொன்னான்: "நம்மட வீட்டுக்கு என்ன டிசைன் எண்டு நீதான் பார்க்கோணும், றுமானா. எனக்கு அந்த அறிவெல்லாம் இல்ல. உன்ட மனசுக்குப் பிடிச்ச மாதிரிச் செய்."

மனசுக்குப் பிடித்தது எது என்று கண்டுபிடிப்பதற்குள் றுமானாவுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. போனைத் திறந்தால் உலகத்து வீடெல்லாம் வந்து நின்றது. எல்லாம் சாம்பல் நிறம். சாம்பல் சுவர், சாம்பல் செற்றி, சாம்பல் திரை. பனி கொட்டும் நாட்டில் அது அழகாக இருக்கலாம். அவள் ஆசைப்பட்டு ஒரு சுவரில் சதுரமாகப் பூசிப் பார்த்தாள். காலையில் பார்த்தால் சுவர் ஈரத்தில் ஊறியது போல இருந்தது. பின்னேரம் பார்த்தால் அடுப்புப் புகை பிடித்தது போல இருந்தது. ஹஸ்மி அங்கிருந்து பொன் விளிம்பு வைத்த கதிரைகளின் படங்களை அனுப்பினான். கூரைக்குக் கீழே இன்னொரு கூரை, அதற்குள் ஒளித்து வைத்த விளக்குகள். "இதென்ன, கலியாண மண்டபமா?" என்று கேட்டு அவனைச் சிரிக்கவைத்தாள்.

பிறகு அவள் போனை வைத்துவிட்டு ஊர் வீடுகளைப் பார்க்கத் தொடங்கினாள். வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவர் கறுப்புத் தரை ஓடு போட்டிருந்தார். ஒவ்வொரு காலடி மணலும் அதில் படமாக விழ, அந்த வீட்டுப் பெண் தும்புத்தடியைக் கையிலிருந்து கீழே வைத்ததே இல்லை. கண்டக்குழியில் வெள்ளைக்காரர் தங்கும் விடுதியொன்றைப் போய்ப் பார்த்தாள். கிடுகு, கயிறு, பழைய வலை, சுவரில் தொங்கும் துடுப்பு. பார்க்க வடிவுதான். ஆனால் வலை காய்வதை முற்றத்தில் பார்க்கிறவர்களுக்கு அதை விறாந்தையிலும் தொங்கவிட என்ன விசர்?

இப்படி அலைந்து அலைந்துதான் அவளுக்குப் பிடிபட்டது. வீட்டைப் பார்க்கிற கண்ணால் யோசித்ததுதான் பிழை. அதில் இருக்கிற ஆளாக யோசிக்க வேண்டும். மணற்காலோடு வருகிறவர்கள் எங்கே கால் கழுவுவார்கள்? ஆண்கள் வந்து முன்னறையில் இருந்தால் பெண்கள் எந்த வழியால் குசினிக்குப் போவார்கள்? தொழுகைப் பாய் எந்த மூலையில் கிடந்தால் யாருடைய காலும் படாது? கேள்விகளை மாற்றியதும் பதில்கள் தானாக வந்தன. வாசலில் கால் கழுவும் தொட்டி. தரைக்கு மினுக்கிய சிவப்புச் சீமெந்து. கடற்பக்கம் கச்சான் காற்று உப்பை அள்ளிக்கொண்டு வரும், ஆகவே அங்கே சின்ன யன்னல், உயரத்தில். களப்புப் பக்கம் பெரிய யன்னல், தாராளமாக. சுவர் மட்டிச் சிப்பியின் உட்பக்கத்து வெள்ளை. கதவுகளுக்குக் களப்பின் பச்சை. வெல்வெட் திரை வேண்டாம், கழுவிப் போடக்கூடிய பருத்தி. பெரிய செற்றி வேண்டாம், சுவரோரம் இருந்து கதைக்க ஒரு பலகை வாங்கு, கீழே பன்பாய்.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நாள்தோறும் அங்கேதான் நிற்பாள். நிக்கொலஸ் பாஸ் ஒரு கல்லை வைத்தால் அவள் அதைச் சுற்றிவந்து பார்ப்பாள். ஹஸ்மி வீடியோவில் வந்து ஒவ்வொரு மூலையையும் காட்டச் சொல்வான். "மற்றப் பக்கம் திருப்பு. அந்தக் கதவ இன்னொருக்காக் காட்டு. மாஷா அல்லாஹ்!" என்பான். அவனுக்கு வீட்டு நினைவு என்று றுமானாவுக்கு நெஞ்சு உருகும்.

குசினி மேடை விஷயத்தில்தான் சண்டை வந்தது. றுமானா தன் இடுப்பைத் தொட்டுக் காட்டி, "இந்த உயரத்துக்குப் போடுங்க பாஸ்" என்றாள். அன்று ஹஸ்மியின் உம்மா சாரா உம்மாவும் அங்கே நின்றார்.

"அவ்வளவு பதிவா எதுக்கு?" என்றார் சாரா உம்மா. "உயத்திப் போடுங்க பாஸ்."

"சமைக்கப் போறது நான்தானே மாமி."

சாரா உம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனார். நிக்கொலஸ் பாஸ் சாந்தைக் குழைப்பதில் மும்முரமாகிவிட்டார். அன்றிரவு ஹஸ்மியும் முதலில், "உம்மா சொல்றபடி விடன், றுமானா" என்றான். அவள் விடவில்லை. இத்தனை வருடமாகப் பலகையில் ஏறி ஏறித் தோள்மூட்டு நொந்த கதையை முழுக்கச் சொன்னாள். கடைசியில் ஹஸ்மி சிரித்தான். "சரி, சரி. உன்ட உயரத்துக்கே போடு."

மேடை அவளுடைய உயரத்துக்கே வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொருள் அவளை அளந்து செய்யப்பட்டிருந்தது. சாந்து காய்ந்த அன்று யாருமில்லாத குசினியில் நின்று, இல்லாத வெங்காயத்தை இல்லாத கத்தியால் அரிந்து பார்த்தாள். தோள் நோகவில்லை. தன் புருஷன் தாயின் சொல்லைத் தள்ளி இந்த மேடையைத் தந்தான் என்று நினைக்க அவளுக்குக் கண் கலங்கியது.

ஹஸ்மியின் தங்கச்சி நுஸ்ராவும் அடிக்கடி வருவாள். ஒல்லியாய், கதவு நிலையில் தலை முட்டுமோ என்று பயப்படும் உயரத்தில் வளர்ந்த பிள்ளை. "மதினி, இந்த அறையில கட்டில எந்தப் பக்கம் போடுற?" என்று ஆசையோடு கேட்பாள். றுமானாவும் சளைக்காமல் விளக்குவாள். நுஸ்ராவுக்குச் சாரா உம்மாவின் வீடு இருந்தது. உம்மாவின் வீடு ஒரே மகளுக்கு, அதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது? அந்த ஊரில் பிறந்த எவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

வீடு பூர்த்தியாகும் சமயத்தில் இரண்டு பக்கமும் கலியாணப் பேச்சு வந்தது. ஷம்லாவுக்கு ஓரிடம் சரிவந்தது. நோன்புப் பெருநாள் கழிந்ததும் றுமானா உம்மா வீட்டை விட வேண்டும். அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை, வீடுதான் தயாராயிற்றே. நுஸ்ராவுக்குப் புத்தளத்து இடம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வரப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் றுமானா தானாகவே மாமியிடம் போனாள்.

"அந்தப் பழைய வீட்டுல எப்படி மாமி அவங்கள இருத்துற? சுவரெல்லாம் உப்புப் பூத்து உதிருது. நம்மட புது வீட்டுக்கே கூட்டிட்டு வாங்க. நான் எல்லாம் ஆயத்தம் செய்றேன்."

சாரா உம்மா நிலத்தைப் பார்த்தபடி, "நல்லம் மகள்" என்றார்.

வந்தார்கள். வான் நிறையப் பெண்கள், தட்டுத் தட்டாகப் பலகாரம். மாப்பிள்ளையின் தாய் ஜுனைதா வாயும் மனசும் திறந்த மனுஷி. றுமானா அவரை அறையறையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். யன்னல் ஏன் உயரத்தில், தரை ஏன் சிவப்பு, பெண்கள் போகும் வழி எது என்று ஒன்றையும் விடவில்லை. ஜுனைதா ஒவ்வொன்றுக்கும் மாஷா அல்லாஹ் சொன்னார். குசினிக்கு வந்ததும் மேடையில் கை வைத்துக் குனிந்து பார்த்தார்.

"எல்லாம் பூவாட்டம் இரிக்கி மகள். இந்த மேடைய மட்டும் உயத்தோணும். மருமகள் நெட்டை. நாள் முழுக்கக் குனிஞ்சி நிண்டா முதுகு என்னத்துக்காகும்?"

றுமானா சிரித்தாள். "இது என்ட உயரத்துக்குப் போட்ட, மாமி. நுஸ்ராக்கு அவட உம்மாட வீட்டுல உயரமான மேடை இரிக்கி."

ஜுனைதாவுக்கு விளங்கவில்லை. "அந்த வீடா? அதப் பார்த்துட்டு வேணாமெண்டுதானே போன முறை நாங்க திரும்பிப் போன? மறுகா, கட்டார்ல இரிக்கிற நானா தங்கச்சிக்குப் புதுசாக் கட்டுறாரெண்டு உங்கட மாமிதான் சொல்லி அனுப்பின. நிக்காஹ்வுக்கு முதல் இந்த வீட்ட நுஸ்ராட பேருக்கு எழுதுறதாத்தானே பேச்சு?"

குசினி வாசலில் சாரா உம்மா தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றார். றுமானா அவரைப் பார்த்தாள். அவர் மறுத்து ஒரு சொல் சொல்வார் என்று காத்திருந்தாள். சாரா உம்மா தட்டில் இருந்த கோப்பைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். ஒழுங்காக இருந்த கோப்பைகளை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். தாயும் மகனும் ஒரு முழு வீட்டையே மறைத்திருந்தார்கள். அதுவும் அந்த வீட்டுக்கு நிறம் பூசிக்கொண்டிருந்தவளுடைய கண்ணுக்கு முன்னால். நிக்கொலஸ் பாஸுக்குத் தெரியும். புத்தளத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். இலவு காத்த கிளிக்கு மட்டும்தான் தெரியாது.

வேறொருத்தியாக இருந்தால் தட்டைத் தட்டிவிட்டிருப்பாள். செய்திருந்தால் நானும் குறை சொல்லமாட்டேன். றுமானாவோ, வந்தவர்களின் முன்னால் வாய் திறந்தால் ஒரு குமர்ப்பெண்ணின் கலியாணம் குழம்பிவிடும் என்று அந்த நிலையிலும் நினைத்தாள். "வாங்க மாமி, மிச்ச அறையையும் பார்ப்பம்" என்றாள். மிச்ச அறையையும் காட்டினாள். தனக்கென்று நினைத்துத் தெரிந்தெடுத்த கட்டில் மூலையை, காலை வெயில் எந்தப் பக்கத்தால் வரும் என்பதை, தன் வாயாலேயே அடுத்தவளுக்கு ஒப்புவித்தாள். அன்றே சம்பந்தம் முற்றாகிவிட்டது. வீடுதான் மாப்பிள்ளை வீட்டாருக்கு நன்றாகப் பிடித்துப் போயிற்றாம்.

எல்லோரும் போன பிறகு நுஸ்ரா அவளிடம் ஓடிவந்தாள். "மதினி, நானா உங்களுக்குச் சொல்லிட்டாரெண்டுதான் நான் நினைச்ச. அல்லாஹ் மேல ஆணை."

றுமானா அவளை நம்பினாள். நம்பியும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஹஸ்மி அன்று போனை எடுக்கவில்லை. மறுநாள்தான் எடுத்தான், அதுவும் வீடியோ இல்லாமல்.

"முதல் கல் வெச்ச நாளே நுஸ்ராக்கெண்டு தெரியுமா?" என்று றுமானா கேட்டாள்.

அவன் சுற்றி வளைத்தான். வாப்பா இல்லாத வீடு, ஒரே நானா, வந்த மாப்பிள்ளை திரும்பிப் போன வெட்கம், ஊர் என்ன சொல்லும்.

"எனக்குச் சொல்லியிரிக்கலாமே."

"சொல்லியிருந்தா நீ இப்படி மனசு வெச்சுச் செய்திருப்பியா?" என்றான் ஹஸ்மி. "நுஸ்ராக்கு அந்தக் கண் இல்ல, றுமானா. உம்மாக்கும் இல்ல. உனக்குத்தான் இரிக்கி. உன்ட வீடெண்டு நினைச்சாத்தான் உன்ட கை அப்படி வேலை செய்யும்."

அவன் அதைப் பாராட்டாகவே சொன்னான். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, இவன் அறுத்துவிட்டுக் கழுத்தின் அழகையும் புகழ்கிறானே என்று நினைத்தாள். இருந்தும் அவளுக்கு ஒன்று மட்டும் கேட்கவேண்டியிருந்தது.

"அப்ப மேடை? உம்மா வேணாமெண்டு சொல்லியும் என்ட உயரத்துக்குப் போடச் சொன்னீங்களே. அது ஏன்?"

"நீ விடாமக் கரைச்சல் குடுத்தாய். மறுகா உடைச்சுக் கட்டலாமெண்டு விட்டேன்."

ஒரு வீடு போனதற்கு அழாதவள் அந்தச் சொல்லுக்கு அழுதாள். அவன் தன்னை ஒரு தடவையாவது அளந்து பார்த்தான் என்று நினைத்திருந்தாளே, அதுவும் பொய்.

நுஸ்ராவின் கலியாணத்துக்கு முன்னால் நிக்கொலஸ் பாஸ் உம்மா வீட்டு வாசலுக்கு வந்து, உள்ளே வராமல் நின்றார். "மேடைய உடைக்கச் சொல்லுறாங்க, தங்கச்சி. உங்களிட்டச் சொல்லாமக் கை வைக்க மனம் வரயில்ல."

"இத்தனை நாளும் சொல்லாமத்தானே பாஸ் கட்டின நீங்க" என்றாள் றுமானா. "உடைக்கிறதுக்கு மட்டும் என்னத்துக்குச் சொல்லுறீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். மேடை உடைந்தது, உயரமாக எழும்பியது. நுஸ்ரா அந்த வீட்டில் குடிபுகுந்தாள். மகள் இருக்கும் இடத்தில்தான் தாய் இருப்பார் என்பதால் சாரா உம்மாவும் கூடவே போனார். வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார் என்பார்கள். றுமானா கட்டிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

பெருநாள் கழிந்தது. ஷம்லாவின் மாப்பிள்ளை வரும் நாள் வந்தது. றுமானாவும் பிள்ளையும் போவதற்கு ஓரிடம்தான் மிஞ்சியிருந்தது. சாரா உம்மா விட்டுப்போன பழைய வீடு. புத்தளத்தார் பார்த்துவிட்டு வேண்டாமென்று திரும்பிப் போன அதே வீடு. மாமியின் வீட்டில் போய்க் குடியிருப்பது அந்த ஊரில் ஒரு பெண்ணுக்குத் தலைகுனிவு. தலையைக் குனியாமலே போனாள். உடுப்புப் பெட்டியோடு, உம்மாவின் குசினியிலிருந்து அந்தப் பலகையையும் எடுத்துப் போனாள். நெட்டை ஆட்களுக்குக் கட்டிய குசினி அது என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை றுமானா குசினியில் வெங்காயம் அரியும்போது, ஜும்ஆத் தொழுகை முடித்த ஹஸ்மி வீடியோவில் வந்தான். இப்போதெல்லாம் அவன் குரலில் தேன்.

"சுவரெல்லாம் உதிருதே, றுமானா. பெயின்ற் வாங்கச் சொல்லட்டா? உன்ட டிசைன இந்த வீட்டுலயும் போட்டா எப்படி இரிக்கும்! இது நம்மட வீடுதானே இனி. சொல்லு, என்ன நிறம்?"

றுமானா பலகையிலிருந்து இறங்கி, போனை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நுஸ்ராக்கு நானா இருந்தீங்க. என்ட மகளுக்கு நானா இல்ல. உம்மாட்டச் சொல்லி இந்த வீட்ட முதல்ல என்ட பேருக்கு எழுத வைங்க. எழுதி உறுதிப் பத்திரத்த என்ட கையில தாங்க. மறுகா நிறம் கேளுங்க."

"என்னை நம்பமாட்டியா?"

"நம்ப ஏலா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவன் பிறகு என்ன சொன்னானோ, அவள் கேட்கவில்லை. போனை மேடையில் கவிழ்த்து வைத்தாள். அவளுடைய தோளுக்கு நேரே சுவரிலிருந்து உப்புப் பொருக்கு ஒன்று கழன்று அரிந்த வெங்காயத்தின்மேல் விழுந்தது. அதைத் தட்டிவிட்டு, பலகையைக் காலால் சரிப்படுத்தி, அதன்மேல் ஏறி நின்று மிச்ச வெங்காயத்தையும் அரிந்தாள்.